அலையும் ஒலியும்

சென்ற பருவத்தில் ஒருநாள் பௌதிக வகுப்பில் அலைகளின் இயல்பை விளக்கிக்கொண்டிருந்தோம். கரும்பலகையில் வளைகோடு ஒன்றை வரைந்து, "நடுநிலையினின்று முகடுவரை உள்ள அளவு வீச்சு, ஒரு முகட்டினின்று அடுத்த முகடுவரை உள்ள தொலைவு அலைநீளம்" என்று கூறி முடித்தோம். அவ்வளவில் பின்வரிசையில் அமர்ந்திருந்த மாணவர் ஒருவர் எழுந்தார். அவர் கடலூர்க் கடற்கரையிலுள்ள மீனவர் குடியிருப்பொன்றிலிருந்து வருபவர். வகுப்பில் அதிகம் பேசாதவர்.

"ஐயா, சுனாமி வந்த அன்று எங்கள் அப்பா நடுக்கடலில் வலை போட்டுக்கொண்டிருந்தார். அங்கே பெரிய அலை எதுவும் வரவில்லை என்று இன்றைக்கும் சொல்கிறார். கரையில் இருந்த எங்கள் ஆயாவைத்தான் கடல் கொண்டுபோயிற்று. நடுக்கடலில் இல்லாத அலை கரைக்கு மட்டும் எங்கிருந்து வந்தது?"

வகுப்பு முழுதும் வாய்மூடி இருந்தது. "ஆழ்கடலில் அவ்வலை சிறிது, கரையில் பெரிது" என்று யாம் ஏதோ கூறினோம். மணியும் அடித்துவிட்டது. ஆயினும் அவ்விடை அவ்வினாவுக்கு ஈடாகாது என்பது எம் உள்ளத்தை உறுத்திக்கொண்டேயிருந்தது. கேட்டவர் தேர்வின்பொருட்டுக் கேட்டாரல்லர். தாம் பிறக்குமுன் தம் வீட்டில் நேர்ந்த இழப்பின் காரணத்தைக் கேட்டார். அதற்கு முறையான விடை கூறவேண்டுமாயின், வீச்சு, அலைநீளம், அதிர்வெண், வேகம் என்னும் நான்கும் தனித்தனி அளவுகள் என்பதையும், ஒன்றைக் கண்டு மற்றொன்றை ஊகித்தல் எவ்வளவு ஏமாற்றந் தரும் என்பதையும் முதலில் தெளிதல் வேண்டும். அத்தெளிவைக் கடலினிடத்துப் பெறுவதினும், நாடோறும் நம் செவியில் விழும் ஒலியினிடத்துப் பெறுதல் எளிது. ஆதலின் ஒலியின் வழியே சென்று கடலை அடைவோம்.

அலை என்பது யாது?

மார்கழித் திங்களில் கடலூரினின்று சிதம்பரத்துக்குப் புகைவண்டியில் செல்வோர், சம்பாப் பயிரின்மேல் காற்று வீசுங்கால் ஓர் அலை வரப்பிலிருந்து வரப்புக்கு ஓடுவதைக் கண்டிருப்பர். ஓடுவது யாது? பயிர் ஓடவில்லை. ஒவ்வொரு தாளும் வேரூன்றிய இடத்திலேயே நின்று, வளைந்து, மீண்டும் நிமிர்கின்றது. ஓடுவது அசைவின் வடிவமே.

பயிரைக் காற்று வளைக்கின்றது. நீரிலோ ஒரு பகுதி தனக்கு அடுத்த பகுதியை அசைக்கின்றது. அலை உடையும் இடத்துக்கு அப்பால் நிற்கும் கட்டுமரத்தை நோக்குக. அலை வருங்கால் ஏறுகின்றது, சென்றபின் இறங்குகின்றது, கரையை நோக்கி அலையுடன் ஓடிவிடுவதில்லை. அதனைத் தாங்கி நிற்கும் நீரும் அத்தகையதே. ஒவ்வொரு துளியும் சிறு வட்டமொன்றிற் சுழன்று, ஏறத்தாழத் தன் பழைய இடத்துக்கே மீள்கின்றது. தொலைதூரம் செல்வது நீரன்று. நீரை அசைத்த ஆற்றலே ஆகும். ஆற்றல் ஓரிடத்தினின்று பிறிதோரிடத்துக்கு, பொருள் உடன்செல்லாமலே, அசைவின் வாயிலாகச் செல்லுதலே அலை எனப்படும்.

நான்கு அளவுகள்

அலையை அறிய வேண்டுவோர் அளக்க வேண்டியவை நான்கு.

முதலாவது வீச்சு. அசையும் பொருள் தன் அமைதி நிலையினின்று ஒருபுறமாக எவ்வளவு விலகுகின்றதோ அவ்வளவே அதன் வீச்சு. அமைதியான நீர்மட்டத்தினின்று முகட்டின் உச்சிவரை அளத்தல் வேண்டும். அகட்டின் அடியினின்று முகட்டின் உச்சிவரை அளப்போர் பெறுவது வீச்சின் இரு மடங்காகும். மாணவர் தேர்வில் பெரும்பாலும் தவறுவது இவ்விடத்திலேதான்.

இரண்டாவது அலைநீளம்; முகட்டுக்கும் அடுத்த முகட்டுக்கும் இடைப்பட்ட தொலைவு. மூன்றாவது அதிர்வெண், ஒரு விநாடியில் எத்தனை அலைகள் ஓரிடத்தைக் கடக்கின்றன என்னும் எண். ஓர் அலை கடக்க ஆகும் நேரத்தை அலைவுகாலம் என்பர். நான்காவது வேகம். அதிர்வெண்ணை அலைநீளத்தாற் பெருக்க வேகம் கிடைக்கும்.

தேவனாம்பட்டினத்து வெள்ளிக் கடற்கரையில் மாலையில் அமர்ந்து, கையிலுள்ள கடிகாரத்தைக் கொண்டு அலைகளை எண்ணிப் பாருங்கள். 8 விநாடிக்கு ஓர் அலை வருமாயின், அவ்வலை ஆழமான கடலில் இருந்தபோது அதன் நீளம் ஏறத்தாழ 100 மீட்டர் எனக் கணக்கிடலாம். 8 விநாடியில் 100 மீட்டர் எனின், விநாடிக்குப் பன்னிரண்டரை மீட்டர். அஃதாவது மணிக்கு 45 கிலோமீட்டர் வேகம்.

இக்கணக்கில் ஒன்றை உற்று நோக்குக. வேகத்தைக் கண்டோம், அலைநீளத்தைக் கண்டோம், அதிர்வெண்ணைக் கண்டோம். வீச்சு யாண்டும் வரவில்லை. அலையின் உயரம் ஒரு முழமாயினும் ஓர் ஆள் அளவாயினும் இக்கணக்குப் பெரும்பாலும் மாறுவதில்லை. இந்த ஒன்றை நெஞ்சிற் கொள்ளின் பின்வருவனவெல்லாம் எளிதிற் புலனாகும்.

மணி கற்பிக்கும் பாடம்

ஒலியும் அலையே. மணியை அடித்தால் அதன் உலோகம் துடிக்கின்றது. விரல் நுனியால் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்போர் அத்துடிப்பை உணரலாம். துடிக்கும் உலோகம் காற்றை ஒருகால் நெருக்குகின்றது. மறுகால் நெகிழ விடுகின்றது. இந்நெருக்கமும் நெகிழ்ச்சியும் மாறிமாறிப் பரவி நம் செவிப்பறையை அடைகின்றன. கயிற்றில் ஓடும் அலையில் கயிறு மேலும் கீழுமாக அசைய, அலை முன்னோக்கிச் செல்கின்றது. அதனைக் குறுக்கலை என்பர். ஒலியிலோ காற்றின் துகள்கள் அலை செல்லும் திசையிலேயே முன்னும் பின்னும் அசைகின்றன. ஆதலின் அது நெட்டலை. நெட்டலையில் முகடும் அகடும் கண்ணுக்குத் தெரியா. முகட்டின் இடத்தை நெருக்கமும் அகட்டின் இடத்தை நெகிழ்ச்சியும் ஏற்கின்றன.

இனி, தேவாலய மணியாயினும் தில்லைத் திருக்கோயில் மணியாயினும், ஒரே அடியாக அடித்து விடப்பட்டபின் அதன் ஓசையை இறுதிவரை கேளுங்கள். தொடக்கத்தில் வீதி முழுதும் அதிரும். சிறிது நேரத்தில் மெலியும். பின்னர்ச் செவியைச் சாய்த்தால்தான் கேட்கும். முடிவில் கேட்டதா கேட்கவில்லையா என்னும் ஐயமே எஞ்சும். ஆயினும் மணியின் சுருதி மட்டும் மாறுவதில்லை. முதலில் எந்தச் சுரத்தில் ஒலித்ததோ அதே சுரத்தில் ஒலித்தே அடங்குகின்றது.

குறைந்தது வீச்சு, மாறாது நின்றது அதிர்வெண். வீச்சு நமக்கு உரப்பாகக் கேட்கின்றது. அதிர்வெண் சுருதியாகக் கேட்கின்றது. பேச்சு வழக்கில் இவ்விரண்டையும் நாம் கலந்துவிடுகின்றோம். "குரலை உயர்த்திப் பேசு" என்று ஒருவரைப் பணிக்கும்போது நாம் வேண்டுவது பெரும்பாலும் உரப்பையே. இசையாசிரியர் அதே சொற்களைக் கூறின் அவர் வேண்டுவது சுருதியை. இரவிற் செவியருகே பாடும் கொசு விநாடிக்குப் பல நூறு முறை சிறகடிக்கின்றது; அதன் சுருதி உயர்ந்தது, வீச்சோ மிகச் சிறிது. திருவிழாவில் முழங்கும் தவிலின் தொப்பிப் பக்கம் தாழ்ந்த சுருதியுடையது. அதன் வீச்சோ நெஞ்சையே அதிரச் செய்வது.

இசைத்தமிழ் நூலார் குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என ஏழு சுரங்களை வகுத்தனர். குரல் விநாடிக்கு 240 அதிர்வுகள் உடையதாயின், அதற்கு ஐந்தாவதாகிய இளி 360 அதிர்வுகள் உடையது. மேல் நிலைக் குரல் 480. அவற்றை மெல்லப் பாடினும் உரக்கப் பாடினும் இரண்டுக்கு மூன்று, ஒன்றுக்கு இரண்டு என்னும் இவ்விகிதங்கள் மாறா. வீச்சு வேறு, அதிர்வெண் வேறு என்பதற்கு இசையினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

வீச்சு எத்துணைச் சிறியதாயினும் நம் செவி அதனை அறியும் திறம் வியப்புக்குரியது. நாம் கேட்கக்கூடிய மிக மெல்லிய ஒலியில் காற்றின் துகள்கள் அசையும் வீச்சு ஓர் அணுவின் குறுக்களவினும் சிறிது. செவி நோகும் அளவு உரத்த ஒலியிலும் அவ்வீச்சு ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கேயாகும். ஆயினும் முன்னதற்கும் பின்னதற்கும் இடையே வீச்சில் பத்து லட்சம் மடங்கு வேறுபாடு உளது.

ஆற்றலில் வேறுபாடு இதனினும் பெரிது. என்னை? அலை சுமந்துவரும் ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது. வீச்சு இரு மடங்காயின் ஆற்றல் நான்கு மடங்கு. வீச்சு மும்மடங்காயின் ஆற்றல் ஒன்பது மடங்கு. ஆதலின் மெல்லொலிக்கும் நோவு தரும் ஒலிக்கும் இடையே ஆற்றலில் லட்சங்கோடி மடங்கு வேறுபாடு உண்டு. ஒலிபெருக்கியின் முன்னே நெடுநேரம் நிற்போர் செவிப்புலன் இழப்பது இதனாலேதான். இவ்வர்க்க விதியையும் நினைவிற் கொள்க. கடலில் இது மீண்டும் வரும்.

பீரங்கியும் மிருதங்கமும்

மூன்றாவதாக வேகத்தை நோக்குவோம். நம் ஊருக்கும் பீரங்கிக்கும் ஒரு பழந்தொடர்பு உண்டு. 1690-இல் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியார் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்குப் பெற்றபோது, பீரங்கிக் குண்டு சென்று விழும் எல்லைக்குட்பட்ட ஊர்களும் தமக்கு உரியன என ஒப்பந்தஞ் செய்துகொண்டனர். அதுவே பின்னர்ச் செயின்ட் டேவிட் கோட்டை எனப்பட்டது. அவ்வூர்கள் குண்டு கிராமங்கள் என வழங்கப்பெற்றன. கோட்டையினின்று 3 கிலோமீட்டர் தொலைவில் நின்ற ஒருவர் முதலிற் கண்டிருப்பது புகையும் ஒளியும். ஓசை அவரை அடைய ஏறத்தாழ 9 விநாடி ஆகியிருக்கும். ஒளி உடனே வருகின்றது. ஒலி ஒரு கிலோமீட்டருக்கு மூன்று விநாடி அளவில் நடந்து வருகின்றது. மின்னலுக்கும் இடிக்கும் இடைப்பட்ட விநாடிகளை எண்ணி மூன்றால் வகுப்போர், இடி எத்தனை கிலோமீட்டருக்கு அப்பால் விழுந்தது என அறியலாம்.

இந்த நுட்பத்தைக் கொண்டே ஒலியின் வேகம் சென்னையில் அளக்கப்பெற்றது. சென்னை வானாய்வு நிலையத்தின் தலைவராயிருந்த ஜான் கோல்டிங்ஹாம் என்பார், செயின்ட் ஜார்ஜ் கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுடப்பெற்ற பீரங்கிகளின் ஒளியைக் கண்டதற்கும் ஓசையைக் கேட்டதற்கும் இடைப்பட்ட நேரத்தை 1820, 1821 ஆகிய ஆண்டுகளில் பலமுறை குறித்து, 1823-இல் வெளியிட்டார். பருவத்துக்குப் பருவம் வேகம் சிறிது மாறுகின்றது என்பதையும் அவர் கண்டார். காரணம் யாதெனின், ஒலியின் வேகத்தை ஆள்வது காற்றின் வெப்பம். பூஜ்யம் பாகை வெப்பத்தில் விநாடிக்கு 331 மீட்டர்; 30 பாகை வெப்பமுள்ள கடலூர்க் காற்றில் ஏறத்தாழ 349 மீட்டர். நீரில் அது ஏறத்தாழ 1500 மீட்டர்.

வேகத்தை ஆள்வது ஊடகமே. உரப்போ சுருதியோ அன்று. உரத்த சுரம் முந்தியும் மெல்லிய சுரம் பிந்தியும் வருமாயின், வீதியின் கடைக்கோடியில் நிற்போருக்கு நாகசுர இசை குழம்பிப்போகும். அங்ஙனம் நேர்வதில்லை. அன்றியும், காற்றினின்று நீருக்குட் புகும் ஒலியின் வேகம் நான்கு மடங்குக்கு மேற் பெருகினும், அதன் அதிர்வெண் மாறுவதில்லை. அலைநீளமே அதற்கேற்ப நீளுகின்றது. ஊடகம் மாறுங்கால் வேகமும் நீளமும் மாறும். அதிர்வெண் மாறாது என்பது பொது விதி.

ஒலியைப் பற்றிப் பேசுங்கால் தொனி என்னும் பண்பையும் விடுதல் இயலாது. ஒரே சுருதியில், ஒரே உரப்பில் ஒலிப்பினும் வீணை வீணையாகவும் குழல் குழலாகவும் கேட்கின்றன. அடிப்படை அதிர்வோடு கலந்துவரும் மேற்சுரங்களின் அளவு வேறுபடுவதே இதற்குக் காரணம். வெறுந்தோல் போர்த்த முரசின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்துக்கு முழு எண் மடங்காக அமைவதில்லை. ஆதலின் அது முழக்கமாகக் கேட்கின்றதேயன்றி இசையாகக் கேட்பதில்லை. மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரிய சோறு தோலின் அசைவைத் திருத்தி, மேற்சுரங்களை ஒன்று, இரண்டு, மூன்று என்னும் முழு எண் விகிதத்திற்குக் கொண்டுவருகின்றது. இதனைத் திருவானைக்காவிற் பிறந்த சர் சி. வி. இராமன் 1920-இல் 'நேச்சர்' என்னும் இதழில் சிவகாளி குமாருடன் சேர்ந்து எழுதி உலகுக்கு அறிவித்தார். நூலோர் விகிதம் கண்டறியுமுன்னரே, மிருதங்கம் செய்யும் கைவினைஞர் தம் செவியையே அளவுகோலாகக் கொண்டு அதனை அமைத்துவிட்டனர்.

நடுக்கடலின் சிற்றலை

இனிக் கடலுக்குச் செல்வோம். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், கிறிஸ்துமஸ் திருநாளுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. இந்திய நேரப்படி காலை 6.28 மணிக்குச் சுமத்திராத் தீவின் வடமேற்கே கடலடியில் 9.1 அளவுள்ள பெருநிலநடுக்கம் எழுந்தது. கடற்றரையின் பிளவு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் வடக்கே ஓடி அந்தமான் தீவுகள்வரை நீண்டது. பிளவின் ஒருபுறம் தரை மேலெழுந்து, தன்மீதிருந்த கடலை அடியோடு உயர்த்திவிட்டது.

காற்றால் எழும் அலை கடலின் மேற்பரப்பையே கலக்குவது. 100 மீட்டர் நீளமுள்ள அலையின் அசைவு 50 மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஏறத்தாழ இல்லை எனலாம். சுனாமியோ அடித்தரை முதல் மேற்பரப்புவரை கடல் முழுவதையும் அசைப்பது. ஒலியின் வேகத்தைக் காற்றின் வெப்பம் ஆள்வதுபோல், இத்தகைய நெடிய அலையின் வேகத்தைக் கடலின் ஆழம் ஆளுகின்றது. ஆழத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தாற் பெருக்கி வர்க்கமூலம் கண்டால் வேகம் கிடைக்கும். ஆழம் 4000 மீட்டர் எனக் கொள்வோமாயின், வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 200 மீட்டர். அஃதாவது மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல். ஆகாயவிமானத்தின் வேகம் இது.

அவ்வலையின் வீச்சு எவ்வளவு? நிலநடுக்கத்துக்கு இரண்டு மணி நேரத்தின்பின் அவ்வழியே வானிற் சென்ற 'ஜேசன்' என்னும் செயற்கைக்கோள், ஆழ்கடலில் நீர்மட்டம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர் உயர்ந்திருந்ததை அளந்தது. அறுபது சென்டிமீட்டர் என்பது முழங்கால் அளவுக்குச் சற்று மேல். அலைவுகாலம் 40 நிமிடம் எனக் கொண்டால், விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் அலைநீளம் 480 கிலோமீட்டர் ஆகின்றது; சென்னையினின்று மதுரைவரை ஒரே அலை!

மாணவரின் தந்தையார் அலையைக் காணாமைக்குக் காரணம் இதுவே. அவருடைய படகு பத்து நிமிட நேரத்தில் அறுபது சென்டிமீட்டர் உயர்ந்து, அவ்வாறே மெல்ல இறங்கியிருக்கும். நாள்தோறும் விநாடிக்கு விநாடி ஒரு மீட்டர் ஏறியிறங்கும் படகில் நிற்பவர் அதனை எங்ஙனம் அறிவார்? அலை அவருக்கு அடியிலே சென்றது. ஆனால் அவர் அறிந்திலர். அவர் கூறியது உண்மையே. எம் மாணவர் அதனை ஐயுற வேண்டுவதில்லை.

அவ்வலை கரையை நெருங்கியபோது ஆழம் குறைந்தது. ஊடகம் மாறியது போன்ற நிலை இது. அதிர்வெண் மாறவில்லை, அலைவுகாலம் அதே 40 நிமிடம். வேகமோ குறைந்தது. 10 மீட்டர் ஆழத்தில் விநாடிக்கு 10 மீட்டர்தான். ஆதலின் 480 கிலோமீட்டர் நீண்டிருந்த அலை 24 கிலோமீட்டருக்குள் சுருங்கிற்று. தேர்த் திருவிழாவில் முன்செல்வோர் வீதி முனையில் நின்றுவிட, பின்வருவோர் விரைந்து வந்து நெருக்குவதைக் கண்டிருப்பீர். அதுபோல அலையின் முன்பகுதி ஆழமற்ற நீரில் தயங்க, பின்பகுதி ஆழ்கடலினின்று விரைந்து வந்து அடர்ந்தது. அடர்ந்த ஆற்றல் செல்வதற்கு வழி ஒன்றே: மேலெழுதல். ஆழம் 4000 மீட்டரினின்று 10 மீட்டராகக் குறையுங்கால் வீச்சு ஏறத்தாழ நாலரை மடங்காகப் பெருகும் எனக் கணக்குக் கூறுகின்றது. அறுபது சென்டிமீட்டர் 270 சென்டிமீட்டர் ஆயிற்று. ஆள் உயரத்துக்கு ஒன்றரைப் பங்கு.

இவ்வளவுதானா என வினவலாம். புயற்காலத்தில் அவ்வளவு உயரமுள்ள அலைகளைக் கடற்கரையார் கண்டதில்லையா? கண்டதுண்டு. விடை அலைநீளத்தில் உளது. 8 விநாடி அலைவுகாலமுள்ள அலை 4 விநாடி ஏறி, 4 விநாடி இறங்கிவிடும். மணலில் ஓடிய நீர் அடுத்த கணத்தில் திரும்பும். 40 நிமிட அலைவுகாலமுள்ள அலையோ 20 நிமிடம் ஓயாது ஊருக்குள் நீரைத் தள்ளிக்கொண்டேயிருக்கும். அது கரையில் வந்து மோதும் அலையன்று. கடலே எழுந்து நடந்து வருதல். வீச்சு ஒன்றாயினும் நீளம் வேறாயின் அலையே வேறு. உயரத்தை மட்டும் கண்டு அலையை அளப்போர் ஏமாறுவது இவ்விடத்தே.

காலை ஒன்பது மணியை ஒட்டி அவ்வலை நம் கரையை அடைந்தது. தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம், சிங்காரத்தோப்பு, சாமியார்பேட்டை, புதுப்பேட்டை, பிச்சாவரத்தை அடுத்த எம்.ஜி.ஆர். திட்டு முதலிய ஊர்கள் பெருந்துயருற்றன. கடலூர் மாவட்டத்தில் மட்டும் மாண்டோர் அறுநூற்றுவருக்கு மேற்பட்டனர். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 8000 பேர். நிலம் நடுங்கியதற்கும் அலை வந்ததற்கும் இடையே இரண்டரை மணி நேரம் இருந்தது. கரையை விட்டு ஒரு கிலோமீட்டர் நடந்து செல்ல அரை மணி நேரமும் வேண்டுவதில்லை. அக்காலத்தை நாம் இழந்தது, அலை வருகின்றது என்பதைக் கரைக்குச் சொல்வார் இல்லாமையால்.

அறிவின் பயன்

அறிந்திருந்தோர் தப்பினர் என்பதற்குச் சான்றுகள் உள. நிலநடுக்கம் எழுந்த இடத்துக்கு மிக அருகிலிருந்த சிமலூ என்னும் தீவில் 1907-இல் ஒரு சுனாமி வந்து பலரைக் கொன்றது. அத்தீவினர் அதனை 'ஸ்மோங்' என்று பெயரிட்டுப் பாட்டாகவும் கதையாகவும் தம் மக்களுக்குச் சொல்லிவந்தனர்: நிலம் வலிதாக நடுங்கிக் கடல் பின்வாங்கின் மலைக்கு ஓடுக என்பதே அதன் கருத்து. 2004-இல் அத்தீவில் வாழ்ந்த 70,000-க்கு மேற்பட்டோருள் கடலுக்கு இரையானோர் எழுவரே என்பர். தாய்லாந்தில் புக்கெட் தீவின் கடற்கரையொன்றில், டில்லி ஸ்மித் என்னும் பத்து வயது ஆங்கிலச் சிறுமி, இரண்டு வாரங்களுக்கு முன் பள்ளியிற் கற்ற நிலவியற் பாடத்தை நினைந்து, கடல் நுரைத்துப் பின்வாங்குவதைக் கண்டு கூவினாள். அக்கரையில் இருந்தோர் உடனே மேடேறிப் பிழைத்தனர்.

ஈண்டு ஓர் எச்சரிக்கையையும் கூறுதல் எம் கடமை. கடல் பின்வாங்கிய பின்னரே சுனாமி வரும் என்று எண்ணியிருத்தல் கூடாது. முகடு முன்வருமா, அகடு முன்வருமா என்பது கரை எப்புறத்தில் உளது என்பதைப் பொறுத்தது. 2004-இல் பிளவின் கிழக்கே தரை தாழ்ந்தமையின் தாய்லாந்துக்கு அகடு முன்வந்தது, கடல் பின்வாங்கிற்று. மேற்கே தரை உயர்ந்தமையின் நம் கரைக்கு முகடே முன்வந்தது. அங்ஙனம் வரும்போது பின்வாங்கல் என்னும் முன்னறிவிப்பு நமக்குக் கிட்டுவதில்லை. முதல் அலை வடிந்தபின் கடல் உள்வாங்குவது அடுத்த அகடு. அதன்பின் மற்றொரு முகடு உண்டு. அலைவுகாலம் நாற்பது நிமிடம் என்பதை அறிந்தவர், முதல் அலை சென்றவுடன் உடைமைகளைத் தேடிக் கரைக்குத் திரும்பார். பல மணி நேரம் மேட்டிலேயே பொறுத்திருப்பார். அலைவுகாலம் என்னும் சொல்லின் பொருள் ஓர் உயிரின் விலையாதல் இங்குக் காண்க.

இன்று நிலைமை பெரிதும் திருந்தியுள்ளது. ஐதராபாத்தில் 2007 அக்டோபர் முதல் இந்தியச் சுனாமி முன்னெச்சரிக்கை மையம் இயங்குகின்றது. ஆழ்கடலின் அடியில் வைக்கப்பெற்ற கருவிகள் நீரின் அழுத்தத்தை அளந்து, கண்ணுக்குத் தெரியாத அச்சிறு வீச்சைக் கண்டறிகின்றன. கட்டுமரத்தில் நின்ற மனிதர் அறிய இயலாததைக் கருவி அறிகின்றது. பிச்சாவரத்து அலையாத்திக் காடுகளும் கரையோரச் சவுக்குத் தோப்புகளும் அன்று பின்னிருந்த ஊர்களைக் காத்தன என்று, கடலூர்க் கரையை ஆராய்ந்தோர் 2005-இல் 'சயன்ஸ்' இதழில் எழுதினர். மரத்தினும் ஊரின் மேடும் கரையினின்று அதன் தொலைவுமே காத்தன என மறுப்போரும் உளர். எவ்வாறாயினும், அலையின் ஆற்றல் வீச்சின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதை முன்பே கண்டோமன்றோ? வீச்சைப் பாதியாகக் குறைக்கும் எதுவும் ஆற்றலைக் காற்பங்காகக் குறைத்துவிடும். ஆதலின் மரங்களைக் காத்தலும், மேட்டில் குடியிருத்தலும், எச்சரிக்கைக்குச் செவிசாய்த்தலும் ஒன்றுக்கொன்று துணையேயன்றிப் பகையல்ல.

இக்கட்டுரையின் கருத்தை அடுத்த வாரம் வகுப்பிற் கூறினோம். வினாவிய மாணவர் கரும்பலகையில் இருந்த கணக்கைத் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு, "அப்பாவிடம் இதைக் காட்டுகிறேன், ஐயா. படகுக்கு அடியில்தான் போயிற்று என்று அவரிடம் சொல்லவேண்டும்" என்றார். யாம் மறுமொழி கூறவில்லை.

மாணவ நண்பர்களே! இன்று நம் கல்லூரிக்கு வருவோருள் பலர் அவ்வாண்டில் பிறந்திலர். சிமலூத் தீவினர் 97 ஆண்டுகள் ஒரு சொல்லைக் காத்து வைத்திருந்தனர். நாமோ வீச்சு, அலைநீளம், அலைவுகாலம் என்னும் சொற்களைத் தேர்வு முடிந்த மறுநாளே மறந்துவிடுகின்றோம். கடற்கரையூர்களினின்று வருவோர் தம் வீட்டில் ஒருமுறையேனும் இவற்றை எடுத்துரைப்பாராக: நிலம் நடுங்கினாலும், கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் வற்றினாலும், மேட்டுக்குச் செல்க, ஓர் அலை போயிற்று என்று திரும்பி வாரற்க.